எஃப்எம்ஆர்ஐ படங்களில் காந்தப்புலச் சிதைவும் சிக்னல் இழப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ பற்றி மாணவர்களும், புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களும், சில சமயம் நோயாளியின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழில் இது பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் புள்ளிகளைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தப் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறதா? புள்ளியே இல்லாத இடத்தில் அளவீடு நடந்ததா, இல்லையா? இந்த இரண்டையும் கேட்காமல் ஒரு மூளைப் படத்தையும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எஃப்எம்ஆர்ஐ உண்மையில் எதை அளக்கிறது?

நரம்பணுக்களின் மின்துடிப்பை நேராக அளப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் நிலையை அளக்கிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் லேசாக ஈர்க்கப்படும், ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அப்படி இல்லை என்பதை லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் 1936-லேயே காட்டிவிட்டார்கள். 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையைப் படமெடுத்து, இந்த வேறுபாடு எம்ஆர்ஐ படத்தில் தெரியும் என்று நிரூபித்தார். 1992-ல் மூன்று அமெரிக்கக் குழுக்கள் மனித மூளையில் இதைச் செய்துகாட்டின. இன்று நாம் 'போல்டு' சிக்னல் என்று சொல்வது இதைத்தான்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது, அதற்குத் தேவையானதைவிட அதிக ரத்தம் அங்கே பாய்கிறது. அதனால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் பங்கு குறைந்து, சிக்னல் கொஞ்சம் கூடுகிறது. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) ஸ்கேனரில் இந்த ஏற்றம் பெரும்பாலும் 1, 2 சதவீதம்தான். அதுவும் 5, 6 விநாடி தாமதமாகத்தான் உச்சத்துக்கு வரும். இவ்வளவு சின்ன மாற்றத்தைத் தேடுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

அப்படியென்றால் நாம் தேடும் சிக்னலே ஒரு காந்தப்புலச் சிதைவுதானா?

ஆமாம். ரத்தக்குழாயைச் சுற்றி ஏற்படும் நுண்ணிய புலச் சிதைவுதான் போல்டு. மூக்குக்குப் பின்னால் இருக்கும் காற்றறை உண்டாக்கும் பெரிய சிதைவு நமக்குத் தொல்லை. இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றுதான், அளவுதான் வேறு. அதனால்தான் ஒன்றை முழுவதும் ஒழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள முடிவதில்லை. ரத்த ஆக்சிஜனை உணரும்படி ஸ்கேனை அமைத்தால், அது காற்றறையையும் உணரும். இந்தத் துறையின் பாதித் தலைவலி இங்கிருந்துதான் வருகிறது.

பல கோடி ரூபாய் காந்தம். அதன் புலம் ஏன் தலைக்குள் கெடுகிறது?

காந்தத்தில் குறை இல்லை. தலை உள்ளே போனதும் புலம் மாறுகிறது. ஒவ்வொரு பொருளும் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைத் தன் காந்த ஏற்புத்திறனுக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். மூளைத் திசு பெரும்பாலும் தண்ணீர் மாதிரி. அதன் ஏற்புத்திறன் பத்து லட்சத்தில் சுமார் -9. காற்றுக்கோ +0.4-க்குப் பக்கம். இந்த இரண்டும் தொடும் எல்லையில் புலம் வளைகிறது.

தலைக்குள் காற்று எங்கே இருக்கிறது? புருவத்துக்குப் பின்னால், மூக்கின் மேற்புறம், மண்டையோட்டின் அடியில் ஸ்பினாய்டு சைனஸ், காதுத் துளை, காதுக்குப் பின்னெலும்பில் உள்ள சின்னச் சின்னக் காற்றறைகள். இவற்றுக்கு நேர் மேலே இருக்கும் மூளைப் பகுதிகள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன: கண்குழிக்கு மேல் அமர்ந்திருக்கும் முன்மடலின் அடிப்பகுதி, காதுப் பக்கத்து மடலின் முன் நுனியும் அடிப்புறமும், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவின் சுற்றுப்புறம்.

பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 3 டெஸ்லாவில் ஹைட்ரஜன் கரு சுமார் 128 மெகாஹெர்ட்ஸில் சுழல்கிறது. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 128 ஹெர்ட்ஸ். அந்த 128 ஹெர்ட்ஸ் படத்தை என்ன பாடு படுத்தும் என்பது கீழே வருகிறது.

ஸ்கேன் தொடங்கும் முன் ஷிம்மிங் செய்கிறார்களே, அது போதாதா?

ஷிம்மிங் கட்டாயம் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. கூடுதல் மின்சுருள்கள் வழியாக மென்மையாக ஏறி இறங்கும் புலங்களைச் சேர்த்து, ஒட்டுமொத்தக் கோணலை நேர் செய்கிறது ஷிம்மிங். சைனஸுக்கு மேலே இருக்கும் மேடு மிகக் குறுகலானது, செங்குத்தானது. மென்மையான புலங்களைக் கூட்டி அந்த வடிவத்தைக் கொண்டுவர முடியாது. நல்ல ஷிம்முக்குப் பிறகும் 3 டெஸ்லாவில் அந்த இடங்களில் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிய விலகல் மிஞ்சுவது சாதாரணம்.

அதே ஸ்கேனரில் எடுத்த டி1 படம் (மூளையின் அமைப்பைக் காட்டும் படம்) நேராக இருக்கிறது. செயல்பாட்டுப் படம் மட்டும் ஏன் கோணலாகிறது?

படம் எடுக்கும் முறை வேறு. எஃப்எம்ஆர்ஐக்குப் பயன்படுவது ஈபிஐ. எக்கோ பிளானர் இமேஜிங் என்பதன் சுருக்கம். நாட்டிங்ஹாமில் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-ல் முன்வைத்த முறை. அவருக்கும் பால் லாட்டர்பருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. டி1 போன்ற உடற்கூற்றுப் படத்தில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக ரேடியோ துடிப்பு கொடுத்துப் படிக்கிறோம். ஈபிஐயில் ஒரே துடிப்பு. அதன் பிறகு அந்தத் தளத்தின் (மூளையின் ஒரு மெல்லிய வெட்டின்) எல்லா வரிகளையும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிடுகிறோம். வேகம் அபாரம். ஆனால் புலத்தில் இருக்கும் பிழை வரிக்கு வரி சேர்ந்துகொண்டே போகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 64 வரிகள், ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 0.5 மில்லிவிநாடி. மொத்தம் 32 மில்லிவிநாடி. இதன் தலைகீழ் சுமார் 31 ஹெர்ட்ஸ். அதாவது, ஃபேஸ் என்கோடிங் திசையில் (வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் திசையில்) ஒரு வோக்சலுக்கும் (படத்தின் மிகச் சிறிய கனக்கட்டம்) அடுத்த வோக்சலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 31 ஹெர்ட்ஸ்தான். ஓரிடத்தில் புலம் 100 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால், அங்கிருந்து வரும் சிக்னல் மூன்று வோக்சலுக்கு மேல் தள்ளிப்போய் உட்காரும். 3 மி.மீ. வோக்சல் என்றால் கிட்டத்தட்ட 1 செ.மீ.! மூளைப் புறணியின் ஒரு மடிப்பைத் தாண்டி அடுத்த மடிப்புக்குப் போய்விடும் தூரம் இது. இன்னொரு திசையில், அதாவது வரியைப் படிக்கும் திசையில், ஒரு வோக்சலுக்கு 2,000 ஹெர்ட்ஸ் அளவுக்கு இடைவெளி இருப்பதால் அதே 100 ஹெர்ட்ஸ் அங்கே தெரியவே தெரியாது.

கொழுப்பின் கதையும் இதுதான். தண்ணீரிலிருந்து கொழுப்பு 3 டெஸ்லாவில் சுமார் 440 ஹெர்ட்ஸ் விலகி நிற்கிறது. மேலே சொன்ன கணக்கில் அது 14 வோக்சல். தலைத்தோலின் கொழுப்பு மூளைக்கு நடுவே ஒரு வளைவாக வந்து விழாமல் இருக்கத்தான் ஒவ்வொரு ஈபிஐயிலும் கொழுப்பை அடக்குகிறார்கள்.

வோக்சலைச் சின்னதாக்கினால் சிதைவு குறையுமா?

குறையாது. 2 மி.மீ. வோக்சலுக்குப் போனால் வரிகள் 96 ஆகும், வரி இடைவெளியும் 0.6 மில்லிவிநாடிக்குப் பக்கம் போகலாம். மொத்தம் 58 மில்லிவிநாடி. அதே 100 ஹெர்ட்ஸ் இப்போது 11 மி.மீ.க்கு மேல் தள்ளும். மாறாக, சிக்னல் இழப்புக்குச் சின்ன வோக்சல் நல்லது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

இந்தச் சிதைவு எந்தப் பக்கம் இழுக்கும்?

ஃபேஸ் என்கோடிங் திசையில் மட்டும். அந்தத் திசை முன்பின்னாக இருந்தால், ஒருவகை அமைப்பில் நெற்றிப்பக்க மூளை வெளியே இழுபட்டு நீளும். எதிர்த்திசையில் எடுத்தால் அதே பகுதி உள்ளே நசுங்கும். நீள்வதைவிட நசுங்குவதுதான் மோசம். பல வோக்சல்களின் சிக்னல் ஒரே இடத்தில் குவிந்து பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தெடுக்க வழி இருக்காது. இடம் வலமாக எடுத்தால் மூளை ஒரு பக்கமாகச் சாயும். இடது, வலது அரைக்கோளங்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அது சங்கடம்.

சிதைவும் சிக்னல் இழப்பும் ஒன்றுதானா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

சிதைவு என்றால் சிக்னல் இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது. எவ்வளவு மாறியது என்று தெரிந்தால் திருப்பிக் கொண்டுவரலாம். சிக்னல் இழப்பு என்றால் சிக்னலே வந்து சேரவில்லை. ஒரு வோக்சலுக்குள்ளேயே புலம் ஒரு முனையில் ஒன்றாகவும் மறுமுனையில் வேறாகவும் இருந்தால், உள்ளே இருக்கும் அணுக்கருக்கள் வெவ்வேறு வேகத்தில் சுழலும். கோலாட்டத்தில் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டினால்தான் சத்தம் கேட்கும். ஆளுக்கொரு தாளம் பிடித்தால் அத்தனை பேர் ஆடியும் தாளம் எழும்பாது. அதே மாதிரி, துடிப்பு கொடுத்து 30 மில்லிவிநாடி கழித்து நாம் சிக்னலைப் படிக்கப் போகும்போது, இந்த வோக்சலில் கட்டங்கள் (ஒவ்வொரு கருவும் தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பது) கலைந்து ஒன்றையொன்று அழித்திருக்கும். படத்தில் அங்கே ஒரு கருந்துளை.

எந்த மென்பொருளாலும் அந்தத் துளையை நிரப்ப முடியாது. திருத்தம் செய்த படத்தில் மூளையின் ஓரம் அழகாகப் பொருந்தியிருக்கும், துளை மட்டும் அப்படியே இருக்கும். அதன் மேல் புள்ளியியல் ஓட்டினால் 'செயல்பாடு இல்லை' என்றுதான் வரும். அதன் பொருள் அந்தப் பகுதி சும்மா இருந்தது என்பதல்ல. அங்கே அளக்கவே இல்லை என்பதுதான்.

இதனால் ஆய்வு முடிவுகளே திசைமாறியது உண்டா?

உண்டு. எனக்கு மிக முக்கியமாகப் படும் உதாரணம், சொல்லின் பொருள் மூளையில் எங்கே இருக்கிறது என்ற கேள்வி.

செமான்டிக் டிமென்ஷியா என்றொரு நோய். மூளையின் காதுப் பக்கத்து மடல்களின் முன் நுனி சுருங்கிக்கொண்டே வரும். பேச்சு சரளமாக இருக்கும், இலக்கணம் இருக்கும், ஆனால் பொருள் கரைந்துபோகும். வரிக்குதிரைப் படத்தைக் காட்டினால் முதலில் குதிரை என்பார்கள், நாளாக ஆக வெறுமனே மிருகம் என்பார்கள். ஆக, பொருளறிவுக்கு இந்த முன் நுனி மிகவும் வேண்டியது என்று நோயாளிகளைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எஃப்எம்ஆர்ஐ செய்தவர்களோ, ஆய்வுக்கு மேல் ஆய்வாக, முன்மடலையும் பக்க மடலின் பின்பகுதியையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். முன் நுனி அவர்கள் படத்தில் பெரும்பாலும் அமைதியாக இருந்தது.

2000-ல் ஜோசப் டெவ்லினும் சக ஆய்வாளர்களும் ஒரே சொற்பொருள் பணியைப் பெட் ஸ்கேனிலும் (கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் படமெடுக்கும் முறை) எஃப்எம்ஆர்ஐயிலும் செய்து ஒப்பிட்டார்கள். பெட்டுக்குக் காந்தப்புலத்தோடு சம்பந்தமே இல்லை. பெட்டில் பக்க மடலின் முன்பகுதி தெளிவாகத் தெரிந்தது. வழக்கமான எஃப்எம்ஆர்ஐயில் தெரியவில்லை. காரணம், அந்த இடம் சைனஸுக்கும் காதுக்கும் நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. 2010-ல் மான்செஸ்டர் குழு பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், பெட் ஆய்வுகளே இந்தப் பகுதியை அதிகம் பிடித்திருந்தன. படப் பரப்பைச் சுருக்கி வைத்த ஆய்வுகள் அதைத் தவறவிடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் அதே குழு ஸ்பின் எக்கோ ஈபிஐயை (சிக்னல் இழப்பைக் குறைக்கும் வகை, விவரம் கீழே) எடுத்து, சிதைவையும் திருத்திப் பார்த்தது. நோயாளிகள் காட்டிய அதே முன்பகுதி இப்போது எஃப்எம்ஆர்ஐயிலும் தெரிந்தது.

மூளையின் ஒரு முக்கியப் பகுதியைப் பற்றிய வாதம் இத்தனை காலம் நீண்டதில் சைனஸ் காற்றுக்கும் பங்கு இருந்திருக்கிறது. முடிவுகளைப் பேசும்போது 'இந்தப் பகுதியில் எங்கள் சிக்னல் இருந்ததா' என்று ஒரு வரி எழுதுவது ஆய்வாளரின் கடமை என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபீல்டு மேப் என்றால் என்ன?

தலைக்குள் எந்த வோக்சலில் எத்தனை ஹெர்ட்ஸ் விலகல் என்று காட்டும் வரைபடம். இதை வைத்து ஈபிஐயைத் திருத்தும் வழியை பீட்டர் ஜெஸார்டும் ராபர்ட் பாலபனும் 1995-ல் வெளியிட்டார்கள். ஒரே படத்தை இரண்டு வெவ்வேறு எக்கோ நேரங்களில் (துடிப்புக்கும் சிக்னலைப் படிப்பதற்கும் உள்ள இடைவெளி) எடுப்போம். இரண்டுக்கும் நடுவே அணுக்கருவின் கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, கால இடைவெளியால் வகுத்தால் புல விலகல் கிடைக்கும். 3 டெஸ்லாவில் அந்த இடைவெளியை 2.46 மில்லிவிநாடி என்று வைப்பது வழக்கம். அப்போதுதான் கொழுப்பும் தண்ணீரும் ஒரே கட்டத்துக்கு வரும்.

ஒரு சிக்கல்: கட்டம் ஒரு வட்டம். 2.46 மில்லிவிநாடி இடைவெளியில் சுமார் ±203 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் வட்டம் சுற்றி மறுபக்கம் வந்துவிடும். அதை அவிழ்த்து நேராக்க ஒரு தனிப் படி தேவை. சைனஸ் ஓரத்தில் இந்தப் படி சொதப்பினால், திருத்தத்துக்குப் பின் படம் முன்பைவிடக் கெட்டுவிடும்.

எதிரெதிர்த் திசையில் இரண்டு படம் எடுப்பது என்கிறார்களே, அது?

ஃபேஸ் என்கோடிங்கை ஒருமுறை முன்பக்கமாகவும் ஒருமுறை பின்பக்கமாகவும் ஓட்டினால், ஒரே இடம் ஒரு படத்தில் எவ்வளவு முன்னே தள்ளப்படுகிறதோ, மற்றதில் அவ்வளவு பின்னே தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவே உண்மையான இடம். ஆண்டர்சன், ஸ்காரே, ஆஷ்பர்னர் மூவரும் 2003-ல் வெளியிட்ட இந்த வழிதான் எஃப்எஸ்எல் மென்பொருளில் 'டாப்அப்' என்று இருக்கிறது. மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கிய ஹியூமன் கனெக்டோம் திட்டமும் இப்படி எதிரெதிராக எடுத்த ஸ்பின் எக்கோ ஜோடிகளைத்தான் நம்பியது.

எதை எடுக்கலாம் என்று கேட்டால், என் பரிந்துரை இந்த ஜோடிதான். ஒரு நிமிடம்கூட ஆகாது, கட்டத்தை அவிழ்க்கும் தொல்லை இல்லை, ஒரு படத்தில் நசுங்கிய இடம் மற்றதில் நீண்டிருக்கும் என்பதால் தகவல் தப்பாது. ஒரே நிபந்தனை: ஜோடியின் வரி இடைவெளியும் தள அமைப்பும் உங்கள் செயல்பாட்டுப் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே அமர்வில், கூடியவரை அந்த ஓட்டத்துக்குப் பக்கத்திலேயே எடுங்கள். நடுவில் ஆள் எழுந்து போய் வந்தால் இன்னொரு ஜோடி எடுங்கள்.

மல்டிபேண்ட் போட்டால் சிதைவு குறையும் என்கிறார்களே?

குறையாது. மல்டிபேண்ட் ஒரே நேரத்தில் பல தளங்களைப் படிக்கிறது. ஒவ்வொரு தளத்தையும் படிக்க ஆகும் நேரம் மாறுவதில்லை. சிதைவைக் குறைப்பது தளத்துக்குள்ளேயே வரிகளைத் தாவிப் படிக்கும் கிராப்பா, சென்ஸ் போன்ற முறைகள். இரண்டுக்கு ஒரு வரி படித்தால் 32 மில்லிவிநாடி 16 ஆகும், சிதைவும் பாதியாகும். சிக்னல் தரம் கொஞ்சம் குறையும், அந்த விலை கொடுக்கத்தக்கதுதான்.

7 டெஸ்லா ஸ்கேனர் இதையெல்லாம் தீர்த்துவிடாதா?

புலம் கூடக் கூட விலகலும் அதே விகிதத்தில் கூடும். 3 டெஸ்லாவில் 100 ஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் 7 டெஸ்லாவில் 230 ஹெர்ட்ஸுக்கு மேல். போல்டு சிக்னல் வலுவாகும் என்பதும், மெல்லிய வோக்சல் எடுக்கலாம் என்பதும் உண்மை. பார்வைப் புறணி போன்ற இடங்களுக்கு அருமை. முன்மடலின் அடிப்பகுதிதான் உங்கள் ஆய்வு என்றால், நன்றாக அமைத்த 3 டெஸ்லாவை விட்டுப் போகும் முன் யோசியுங்கள்.

தலையை அசைத்தால் ஃபீல்டு மேப் செல்லாதா?

தலை நேராக நகர்ந்தால் புல வடிவமும் ஏறக்குறைய கூடவே நகரும், பெரிய சேதமில்லை. தலையாட்டுவது மாதிரி, காந்தத்தின் முதன்மைத் திசைக்கு ஏற்பக் கோணம் மாறினால் புல வடிவமே மாறுகிறது. அப்போது தொடக்கத்தில் எடுத்த வரைபடம் பழசாகிவிடும், சைனஸ் ஓரத்துச் சிக்னல் தலை அசைவோடு சேர்ந்து ஏறி இறங்கும். அது செயல்பாடு போலவே தெரியும்.

ஆள் அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சு விடுவார். நெஞ்சு விரிந்து சுருங்கும்போது தலைக்குள் புலம் துளி மாறும். படம் ஃபேஸ் என்கோடிங் திசையில் மயிரிழை நகரும். அசைவு வரைகோட்டில் ஒரே ஒரு திசையில் மட்டும் மூச்சின் வேகத்தில் அலையடித்தால், தலை அசைந்ததாக முடிவு கட்டாதீர்கள். ஸ்கேனரும் சூடாகும். நீண்ட ஓட்டத்தில் காந்தத்தைச் சுற்றியுள்ள இரும்புத் துண்டுகள் வெப்பமாகி அதிர்வெண் நகரும். 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் நம் கணக்கில் படம் 1 மி.மீ. தள்ளிவிடும்.

ஸ்கேனருக்குள் பேச வைத்து ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், கவனமாக. பேசும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தாடையும் நாக்கும் நகர்ந்து, மூளைக்குள்ளேயே புலம் மாறுவதை ராஸ்மஸ் பிர்னும் சக ஆய்வாளர்களும் 1998-ல் காட்டினார்கள். நமக்கு உதவுவது நேர வித்தியாசம். புல மாற்றம் பேசும் அந்த நொடியிலேயே வரும். போல்டு 5, 6 விநாடி கழித்துத்தான் உச்சமடையும். பேச்சைச் சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு வைத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். அரை நிமிடம் விடாமல் பேசச் சொன்னால் பிரிப்பது கடினம்.

சிக்னல் இழப்பைப் படம் எடுக்கும்போதே குறைக்க வழி உண்டா?

உண்டு, அதைப் படம் எடுக்கும்போது மட்டும்தான் குறைக்க முடியும். தளத்தை மெல்லியதாக எடுங்கள், 2 மி.மீ. வோக்சலுக்குள் புலச் சரிவு குறைவு. எக்கோ நேரத்தைச் சற்றுக் குறையுங்கள்; சைனஸ் ஓரத்தில் சிக்னல் சீக்கிரம் கரைவதால், அங்கே 30 மில்லிவிநாடியைவிடக் குறைந்த நேரம்தான் போல்டுக்கும் நல்லது. தளத்தைச் சாய்த்து எடுத்தாலும் பலன் உண்டு: ரால்ஃப் டைச்மனும் சக ஆய்வாளர்களும் லண்டனில் 2003-ல், 30 டிகிரி வரை சாய்த்தால் முன்மடலின் அடிப்பகுதி எவ்வளவு மீள்கிறது என்று காட்டினார்கள்.

ஸ்பின் எக்கோ இன்னொரு வழி. 180 டிகிரி துடிப்பு கலைந்த கட்டங்களைத் திரும்ப ஒன்று சேர்க்கிறது, கருந்துளை மூடுகிறது. ஆனால் பெரிய குழாய்களிலிருந்து வரும் போல்டும் அதோடு போய்விடுவதால் சிக்னல் பலவீனமாகும். வடிவச் சிதைவும் அப்படியே நிற்கும், அதற்குத் தனித் திருத்தம் வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது மல்டி எக்கோ. ஒரே துடிப்புக்குப் பின் 13, 30, 45 மில்லிவிநாடி என்பது போல மூன்று முறை படிக்கிறோம். முதல் எக்கோவில் சைனஸ் ஓரத்துச் சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும். மற்ற இடங்களுக்குப் பிந்தைய எக்கோக்கள். வோக்சலுக்கு வோக்சல் எடை போட்டுக் கலந்துகொள்ளலாம். கூடுதலாக, உண்மையான போல்டு எக்கோ நேரத்தோடு சேர்ந்து வளரும், தலை அசைவு அப்படி வளராது என்பதால் இரைச்சலைப் பிரிக்கவும் உதவும். முடிந்தால் இதையே எடுங்கள்.

திருத்தம் சரியாக நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணால் பாருங்கள். திருத்தும் முன் எடுத்த ஈபிஐ, திருத்திய ஈபிஐ, டி1 மூன்றையும் திறந்து, டி1-இலிருந்து மூளையின் ஓரக்கோட்டை வரைந்து மற்ற இரண்டின் மேல் போடுங்கள். நட்டநடுவே பிளக்கும் வெட்டில் நெற்றிப்பக்க நுனி, மூளைத்தண்டின் முன்விளிம்பு, நடுவில் இருக்கும் திரவ அறைகள் மூன்றும் கோட்டோடு உட்கார வேண்டும்.

நுனி கோட்டிலிருந்து முன்பைவிட இரண்டு மடங்கு விலகியிருந்தால், திசைக் குறி தலைகீழாகப் போயிருக்கிறது என்று உடனே சந்தேகப்படுங்கள். தரவோடு வரும், ஸ்கேன் விவரங்கள் அடங்கிய ஜேசன் கோப்பில் ஃபேஸ் என்கோடிங் திசை 'ஜே' என்றோ 'ஜே மைனஸ்' என்றோ இருக்கும். கோப்பு வடிவம் மாற்றும்போது படத்தை யாராவது புரட்டியிருந்தால் இந்தக் குறி பொய்யாகிவிடும். மொத்த வாசிப்பு நேரமும் அங்கேதான் இருக்கும். வரிகளைத் தாவிப் படித்தவர்கள் அதைப் பாதியாக்க மறந்திருந்தால் திருத்தம் அளவு மீறிப் போகும். மென்பொருள் பிழை எதுவும் சொல்லாமல் முடிந்தது என்பதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். குறி தலைகீழாக இருந்தாலும் அது சத்தமில்லாமல்தான் முடியும்.

அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த எஃப்எம்ஆர்ஐயில் கட்டிக்குப் பக்கத்தில் எதுவும் ஒளிரவில்லை. அங்கே பேச்சுப் பகுதி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்தப் படத்தை மட்டும் வைத்து அப்படி முடிவுக்கு வரக் கூடாது. முன்பு அறுவை செய்த இடத்தில் உலோகத் தட்டோ கிளிப்போ இருந்தால், பழைய ரத்தக்கசிவின் இரும்புப் படிவு இருந்தால், அந்தச் சுற்றுப்புறத்தில் சிக்னலே இருக்காது. கட்டி அருகே ரத்த ஓட்டம் மாறியிருந்தாலும் போல்டு அடங்கிப்போகும். சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் 'அந்த இடத்தில் மூல ஈபிஐ படம் எப்படி இருந்தது' என்று கேட்பதில் தவறே இல்லை. தேவைப்பட்டால் விழித்த நிலையில் அறுவை செய்து, மின்தூண்டல் கொடுத்துப் பேச வைத்துச் சோதிக்கும் வழி அவர்களிடம் இருக்கிறது.

பல் கம்பி, ஹேர்பின், கண்மை இவையும் படத்தைக் கெடுக்குமா?

கெடுக்கும். எஃகுப் பல் கம்பி முன்மூளையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இரும்பு ஆக்சைடு கலந்த கண்மையும் மஸ்காராவும் கண்ணைச் சுற்றி நிழல் போடும். ஹேர்பின் போன்றவை படத்துக்கு மட்டுமல்ல, ஆளுக்கே ஆபத்து. எல்லாவற்றையும் கழற்றி, கழுவிவிட்டு உள்ளே போங்கள். உடலுக்குள் உலோகம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்களிடம் பழைய தரவு இருக்கிறது, ஃபீல்டு மேப் இல்லை. தூக்கி எறிய வேண்டுமா?

வேண்டாம். ஈபிஐயை அதே ஆளின் டி1 படத்தோடு, ஃபேஸ் என்கோடிங் திசையில் மட்டும் நெகிழவிட்டுப் பொருத்தும் முறை இருக்கிறது. எஃப்எம்ஆர்ஐபிரெப் போன்ற மென்பொருள்களில் இந்த வசதி உண்டு. அளந்த வரைபடத்துக்கு இது ஈடாகாது, ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட மேல். அப்புறம், ஒவ்வொருவரின் சராசரி ஈபிஐயிலும் சிக்னல் எங்கே மிகத் தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து, எல்லோருக்கும் சேர்த்து ஒரு முகமூடிப் படம் தயாரியுங்கள். முடிவு வரைபடத்தில் அந்த இடங்களைச் சாம்பல் நிறத்தில் அடைத்துக் காட்டுங்கள். உங்கள் கட்டுரையைப் படிப்பவர் எங்கே செயல்பாடு இல்லை, எங்கே அளவீடே இல்லை என்று ஒரே பார்வையில் பிரித்துக்கொள்வார்.